ஆரான்ல இருந்து எபிரோன் வரைக்கும்: லேயாள் போன வழி

முதல் நாள். ஏப்ரல் 28, 2018, சனி

உர்ஃபாவுக்கு வந்து சேர்ந்தாச்சு. சென்னைல ஏறி தோஹா, தோஹால இருந்து இஸ்தான்புல், அங்க ஏர்போர்ட் சேர்லயே ஆறு மணி நேரம், அப்புறம் உள்ளூர் ஃப்ளைட்ல இங்க. துருக்கியோட தென்கிழக்கு மூலை இது, சிரியா பார்டர் பக்கம். தங்கச்சி ரூமுக்குள்ள வந்ததும் அப்படியே சாஞ்சு தூங்கிட்டா. எனக்கு உடம்பெல்லாம் அசதி ஆனா தூக்கம் வரல, அதனால இன்னைக்கே ஆரம்பிச்சிடறேன், தினமும் ராத்திரி எழுதிப் போடணும்னு நினைச்சிருக்கேன்.

நம்ம சபைகள்ல இருந்து போற பயணம் எல்லாம் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்துன்னு ஒரே ரூட்ல பஸ் நிறைய ஆளோட போகும். நாங்க அதுல சேரல. எனக்கு லேயாள் இருந்த இடம் மட்டும் பார்க்கணும். ராகேலோட அக்கா, யாக்கோபோட மொத சம்சாரம், அந்த லேயாள்தான்.

ஏன் லேயாள்னா, எனக்கு பதினோரு வயசுல கண்ணாடி போட்டாங்க, நல்ல தடிமனான கண்ணாடி. சண்டே ஸ்கூல்ல ஆதியாகமம் 29 நடந்துட்டு இருந்துச்சு, லேயாளோட கண்ணு கூச்சப்பார்வையா இருந்துச்சு, ராகேலோ ரூபவதின்னு வாசிச்சதும் பாடம் எடுத்தவங்க என்னைக் காட்டி "இவ கண்ணு மாதிரி"ன்னு சொல்லிட்டாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல, பிள்ளைகளுக்குப் புரியணும்னு சொன்னாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி நான் அந்த அதிகாரத்தைத் தனியா உட்கார்ந்து முழுசும் படிச்சேன். அப்புறம் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்லை. இப்ப பதினெட்டு வருஷமா நானே சண்டே ஸ்கூல் எடுக்குறேன். படக் கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கு, அதுல கிணத்தடியில ராகேல் நிக்கிற படம் மூணு வேற வேற மாதிரி இருக்கு. லேயாளுக்கு ஒரு கார்டு கூட கிடையாது.

ரெண்டாம் நாள். ஏப்ரல் 29, ஞாயிறு

ஆரான் பார்த்தோம்.

நம்ம வேதத்துல ஆரான்னு வர்ற ஊரை இங்க ஹர்ரான்னு சொல்றாங்க, உர்ஃபால இருந்து தெற்க 44 கிலோமீட்டர். டோல்முஷ்னு ஒரு மினி வேன், ஆள் நிறைஞ்சாத்தான் கிளம்பும், முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வழி முழுக்க சமவெளி, கண்ணுக்கெட்டுற வரைக்கும் மேடே இல்லை, யூப்ரடீஸ் ஆத்துல அட்டாடர்க் அணை கட்டினதுக்கு அப்புறம் வாய்க்கால் தண்ணி வந்து பருத்தியும் கோதுமையும் விளையுதுன்னு பக்கத்துல இருந்தவர் சைகையும் கொஞ்சம் இங்கிலீஷும் கலந்து சொன்னார். கோதுமை இப்ப பச்சையில இருந்து மஞ்சளுக்கு மாறிட்டு இருக்கு.

ஊருக்குள்ள போனதும் மண் செங்கல்ல கட்டின கூம்பு வீடுங்க. கவுத்து வெச்ச கூம்பு மாதிரி, உச்சியில ஒரு ஓட்டை, உள்ள போனா வெளியில அடிக்கிற வெயிலுக்கு சம்பந்தமே இல்லாத குளிர்ச்சி. அதெல்லாம் லேயாள் காலத்து வீடு இல்லை, இருநூறு வருஷத்துக்கு உள்ளதான் இருக்கும், ஆனா பழைய ஊர் இடிஞ்சு கிடந்த செங்கல்லையே எடுத்துக் கட்டியிருக்காங்க. அங்கிட்டு உமையா கலீஃபா காலத்து பெரிய மசூதியோட இடிபாடு, ஒரு சதுரக் கோபுரம் மட்டும் நெட்டுக்க நிக்குது. அதுக்கும் ரொம்ப முன்னாடி இந்த ஊர் சின்ங்கிற சந்திர தெய்வத்தோட கோயிலுக்குப் பேர் போன ஊர். லேயாளோட அப்பா லாபான் வீட்டுல விக்கிரகம் இருந்துச்சுன்னு படிக்கிறோமே, இந்த ஊரைப் பார்த்தா அதுல ஆச்சரியம் இல்லை.

மதிலுக்கு வெளியே யாக்கோபு கிணறுன்னு ஊர்க்காரங்க சொல்ற இடம் ஒண்ணு. அதே கிணறுதானான்னு எனக்கு அடிச்சுப் பேசணும்னு இல்லை. தங்கச்சி அங்க நின்னு போட்டோ எடுக்கச் சொன்னா. "அக்கா, யாக்கோபு கிணத்துக் கல்லைப் புரட்டுன இடம் இதுதானே, ராகேலை மொதல்ல பார்த்தது"ன்னா. ஆமான்னேன். அப்பதான் தோணுச்சு, கிணத்தடியில நடந்தது ராகேல் கதை. லேயாள் கதை நடந்தது வீட்டுக்குள்ள.

ராகேலைக் கட்டிக்கிறதுக்காக யாக்கோபு ஏழு வருஷம் வேலை பார்த்து கல்யாணம், விருந்து, ராத்திரி, விடிஞ்சு பார்த்தா லேயாள். யாக்கோபு போய் மாமன்கிட்ட சண்டை போடுறான், லாபான் சொல்றான் மூத்தவ இருக்க இளையவளைக் கொடுக்கிறது எங்க ஊர் வழக்கம் இல்லைன்னு. இந்தப் பதிலை நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம், எத்தனை வீட்டுல இதே பேச்சு. ஆனா யாக்கோபுக்கு இது எங்க வலிச்சிருக்கும்னா, அவன் இளையவனா இருந்துகிட்டு கண்ணு தெரியாத அப்பாவை ஏமாத்தி மூத்தவனோட ஆசீர்வாதத்தை வாங்கிட்டு ஓடி வந்தவன். இப்ப இருட்டுல இளையவளுக்குப் பதிலா மூத்தவ. அவன் வாயடைச்சுப் போயிருப்பான். சரி, அந்தக் காலையில லேயாள் என்ன நினைச்சா? யாரும் கேக்கல. அப்பா சொன்னதைச் செஞ்ச பொண்ணு, தன் முகத்தைப் பார்த்து ஒருத்தன் "எனக்கு ஏன் இப்படிச் செஞ்சீர்"னு கத்துறதைக் கேட்டுக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கா. ஒரு வாரம் கழிச்சு தங்கச்சியையும் அதே ஆளுக்குக் கட்டிக் கொடுத்தாச்சு, அதுக்கு இன்னும் ஏழு வருஷம் வேலை.

லேயாள் பேசுறதை நாம எங்க கேக்குறோம்னா பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிறப்போ. மூத்தவன் ரூபன், கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், இனி என் புருஷன் என்னை நேசிப்பான்னு சொன்னா. அடுத்தது சிமியோன், நான் வெறுக்கப்பட்டதைக் கர்த்தர் கேட்டார். மூணாவது லேவி, இனி என்னோட சேர்ந்திருப்பான். நாலாவதுக்கு யூதான்னு வெச்சு இப்போ கர்த்தரைத் துதிப்பேன்னு மட்டும் சொன்னா, புருஷன் பேச்சே இல்லை. ஒரு பொம்பளை டைரி எழுதாம பிள்ளைங்க பேர்லயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கா, ஒவ்வொரு தடவை பிள்ளையைக் கூப்பிடும்போதும் அந்த வலியைத் தானே திரும்ப வாய்விட்டுச் சொல்லியிருக்கா.

நம்ம பிரசங்கத்துல எல்லாம் யூதாவோட நிறுத்திடுவாங்க, பாருங்க லேயாள் கடைசியில பாடம் கத்துக்கிட்டா, மனுஷ அன்பை விட்டுட்டு தேவனைத் துதிச்சான்னு. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனா அடுத்த அதிகாரம் படிச்சா ஆறாவது பிள்ளை செபுலோனுக்குப் பேர் வைக்கிறப்போ, இப்பவாவது என் புருஷன் என்கூட வாசம் பண்ணுவான்னு திரும்பவும் சொல்றா. ஆசை போகல. துதிச்சதும் உண்மைதான், ஆசை திரும்ப வந்ததும் உண்மைதான். என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் இந்த ரெண்டாவதை மறைச்சிருக்கக் கூடாது. இன்னைக்கு அந்தக் கூம்பு வீட்டு நிழல்ல உட்கார்ந்து இதைத்தான் தங்கச்சிகிட்ட சொல்லிட்டு இருந்தேன், அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஒண்ணு விட்டுட்டேன். இருபது வருஷம் கழிச்சு யாக்கோபு ஊரை விட்டுக் கிளம்ப முடிவு பண்ணி ரெண்டு பேரையும் வயல்வெளிக்கு வரச் சொல்லிக் கேக்குறான். அங்க மட்டும்தான் அக்காவும் தங்கச்சியும் ஒரே வாயா பேசுறாங்க. அப்பன் வீட்டுல இனிமே நமக்கு என்ன பங்கு இருக்கு, நம்மள வித்து அந்தப் பணத்தையும் தின்னுட்டானேன்னு. அத்தனை வருஷப் போட்டியும் தள்ளி வெச்சுட்டு ஒண்ணா நிக்கிறாங்க. இந்த ஊரைச் சுத்தி இருக்கிற ஏதோ ஒரு வயல்லதான் அது நடந்திருக்கணும்.

மூணாம் நாள். ஏப்ரல் 30, திங்கள்

இன்னைக்கு எழுத அதிகம் இல்லை, பயணம்தான். காலையில உர்ஃபா டவுன்ல மீன் குளம் பார்த்தோம், யாக்கோபோட தாத்தா ஆபிரகாமை நெருப்புல போட்டப்போ நெருப்பு தண்ணியா மாறிச்சு, விறகு மீனா மாறிச்சுன்னு இங்க உள்ள முஸ்லிம் மக்கள் நம்பிக்கை, அந்த மீனை யாரும் பிடிக்க மாட்டாங்க, கெண்டை மாதிரி கொழுத்த மீனுங்க கூட்டம் கூட்டமா வாயைத் திறந்துட்டு வருது. மிர்ரான்னு ஒரு காப்பி, சின்னக் கிண்ணத்துல ஒரு மடக்கு, அப்படி ஒரு கசப்பு. தங்கச்சிக்குப் பிடிச்சிருந்துச்சு.

லேயாள் இங்கருந்து கிளம்பினப்போ தெற்க இறங்கி கீலேயாத் மலை வழியா யாப்போக்கு ஆத்தைக் கடந்து கானானுக்குள்ள போனா. இன்னைக்கு அந்த வழின்னா சிரியா, ஜோர்டான். சிரியாவுல சண்டை, நாங்க திரும்ப இஸ்தான்புல் போய் டெல் அவிவுக்கு ஃப்ளைட் பிடிச்சோம். ஆரானுக்கும் பெயெர்செபாவுக்கும் நடுவுல 700 கிலோமீட்டருக்கு மேல இருக்கும், அதைக் கைக்குழந்தைங்களோடயும் ஆட்டு மந்தையோடயும் கடந்திருக்காங்க.

யாப்போக்கு பத்தி ஃப்ளைட்ல யோசிச்சுட்டே வந்தேன். அவன் ஏமாத்தின அண்ணன் ஏசா 400 பேரோட எதிர்ல வர்றான், யாக்கோபுக்கு பயம், குடும்பத்தை வரிசையா நிறுத்துறான். முன்னாடி வேலைக்காரிங்களும் அவங்க பிள்ளைங்களும், அதுக்குப் பின்னாடி லேயாளும் அவ பிள்ளைங்களும், கடைசில பத்திரமா ராகேலும் அவ பிள்ளை யோசேப்பும். ஆபத்து வந்தா யாரு மொதல்லன்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி நிறுத்திட்டான். லேயாள் கையைப் பிடிச்சிட்டு நின்ன சின்னப் பசங்களுக்கு அது புரியாமலா இருந்திருக்கும்?

நாலாம் நாள். மே 1, செவ்வாய்

டெல் அவிவ் ஏர்போர்ட்ல நிறைய கேள்வி, ரெண்டு பொம்பளைங்க மட்டும் ஏன் வந்தீங்க, உர்ஃபால என்ன வேலைன்னு. லேயாள்னு சொன்னோம். கேள்வி கேட்ட பொண்ணுக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் "லேயா?"ன்னு கேட்டு சிரிச்சிட்டு விட்டுட்டா. பாஸ்போர்ட்ல முத்திரை குத்தல, ஒரு சின்ன நீலச் சீட்டு கொடுத்தாங்க.

ஜெருசலேம் ஏறுற மலைப்பாதையில டிரைவர் ஒரு இடத்துல நிறுத்தினார், நான் முன்னாடியே தூதாயீம் பார்க்கணும்னு சொல்லி வெச்சிருந்தேன். கோதுமை அறுப்பு நாள்ல ரூபன் வயல்ல இருந்து பறிச்சு அம்மாகிட்ட கொண்டு வந்து கொடுத்த தூதாயீம் கனி. கல்லு இடுக்குல தரையோட தரையா அகலமா இலை விரிஞ்சு கிடக்கு, நடுவுல சின்னத் தக்காளி சைஸ்ல மஞ்சளா பழம். கத்திரி, தக்காளி குடும்பத்துச் செடிதான், வேரு மனுஷ உருவம் மாதிரி பிரிஞ்சிருக்கும், விஷம், ஆனா பிள்ளை வரம் தரும்னு அந்தக் காலத்துல நம்பினாங்க. பழத்தை மோந்து பார்த்தேன், ரொம்பப் பழுத்த ஆப்பிள் மாதிரி ஒரு இனிப்பு வாசம், கிறங்குற வாசம்.

அந்தக் காட்சிதான் எனக்கு மொத்தக் கதையிலயும் தாங்க முடியாத இடம். ராகேல் வந்து உன் மகன் கொண்டு வந்த தூதாயீம்ல எனக்குக் கொஞ்சம் தான்னு கேக்குறா. லேயாள் சொல்றா, என் புருஷனை எடுத்துக்கிட்டது போதாதா, என் மகனோட தூதாயீமும் வேணுமா? ராகேல், சரி அதுக்குப் பதிலா இன்னைக்கு ராத்திரி அவர் உன்கூட இருக்கட்டும்ங்கிறா. சாயங்காலம் வயல்ல இருந்து வர்ற புருஷனை லேயாள் வழியிலயே போய் நிறுத்தி, என் மகனோட தூதாயீமைக் கொடுத்து உம்மைக் கூலிக்கு வாங்கியிருக்கேன்னு சொல்றா. அடுத்துப் பிறந்தவனுக்கு இசக்கார்னு பேர், கூலிங்கிற அர்த்தம் அதுல இருக்கு. ராகேலுக்குப் பிள்ளை இல்லை, லேயாளுக்குப் புருஷன் இல்லை, ஒருத்திகிட்ட இருக்கிறதை இன்னொருத்தி ஏங்கிப் பார்த்துட்டு ஒரே முற்றத்துல வாழ்ந்திருக்காங்க. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் பிள்ளை பிறந்துச்சு. அவ அந்தப் பழத்தைக் கையில வெச்சுட்டு, "அக்கா, ராகேலைத் திட்டாத, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்"னா. நான் திட்டல. ஆனா உள்ளுக்குள்ள இத்தனை வருஷமா ராகேல் மேல எனக்கு ஒரு கோவம் இருந்துச்சு, அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

அஞ்சாம் நாள். மே 2, புதன்

ராகேல் கல்லறை. ஜெருசலேம் பஸ் ஸ்டாண்டுல 163ஆம் நம்பர் பஸ் நேரா அங்க வரைக்கும் போகுது. பெத்லகேம் ஊரோட வடக்கு ஓரம், ஆனா ஊரே கண்ணுக்குத் தெரியாது, ரெண்டு பக்கமும் கான்க்ரீட் சுவர், அவ்வளவு உயரம், நடுவுல சந்து மாதிரி ரோடு, கடைசியில கோட்டை மாதிரி கட்டடம். பழைய படத்துல பார்த்த வெள்ளைக் குவிமாடம் இதுக்குள்ளதான் இருக்கு. 1841ல மோசஸ் மான்டிஃபியோர்ங்கிற இங்கிலாந்து யூதர் அதைப் புதுப்பிச்சு முஸ்லிம்கள் தொழறதுக்கும் ஒரு அறை சேர்த்துக் கட்டினார். இன்னைக்கு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெத்லகேம் ஜனங்க இங்க வர முடியாது.

உள்ள பெண்கள் பக்கம் தனி. கறுப்பு வெல்வெட் போத்தின கல்லறை மேல தலையைச் சாச்சு அழறாங்க, சத்தமாவே. பிள்ளை வேணும்னு வர்றவங்க, கல்யாணம் தள்ளிப் போறவங்க, நோய் வந்தவங்க. சிவப்பு நூலைக் கல்லறையைச் சுத்தி எடுத்துட்டு வந்து கையில கட்டிக்கிறது ஒரு வழக்கம். தங்கச்சி ரொம்ப நேரம் அந்த வெல்வெட் மேல கையை வெச்சுட்டு நின்னா. நானும் பக்கத்துல நின்னேன். எனக்கும் அழுகை வந்துச்சு, வரும்னு நான் நினைக்கல. பிரசவ வலியில செத்துப்போன பொண்ணு, சாகும்போது பிள்ளைக்கு பெனோனின்னு பேர் வெச்சா, என் துக்கத்தின் மகன்னு, அப்பன் அதை பென்யமீன்னு மாத்திட்டான். பிள்ளை இல்லைன்னா சாவேன்னு கேட்டவ, பிள்ளை பெத்ததாலதான் செத்தா. வழியிலயே புதைச்சுட்டு யாக்கோபு மேல நடந்து போயிட்டான், ஒரு தூணை மட்டும் நட்டு வெச்சுட்டு. பிற்காலத்துல எரேமியா தீர்க்கதரிசி, ராகேல் பிள்ளைகளுக்காக அழறான்னு சொன்னதால அழற பொம்பளைங்க எல்லாருக்கும் இவ தாயாகிட்டா.

திரும்பி வர்றப்போ ஊரெல்லாம் புகை. இன்னைக்கு ராத்திரி லாக் பாஓமர்னு ஒரு யூதப் பண்டிகை, பிள்ளைங்க தெருத்தெருவா பழைய பலகை, கட்டில் கால் எல்லாம் இழுத்துட்டு வந்து குவிச்சுக் கொளுத்துறாங்க. நாங்க தங்கியிருக்கிற கெஸ்ட் ஹவுஸ் அம்மா யூதக்காரங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும், மாடியில எங்க கூட நின்னு வேடிக்கை பார்த்தாங்க. அவங்ககிட்ட லேயாள் கண்ணைப் பத்திக் கேட்டேன். எபிரேயத்துல அந்த வார்த்தை ரக்கோத், மென்மைன்னு அர்த்தம், பலவீனம்னும் எடுக்கலாம்னாங்க. அவங்க பெரியவங்க சொல்ற கதை என்னன்னா, யாக்கோபோட அம்மா ரெபெக்காளுக்கு ரெண்டு பையன், லாபானுக்கு ரெண்டு பொண்ணு, மூத்த பையனுக்கு மூத்த பொண்ணுன்னு ஊர்ல பேச்சு, ஏசா எப்படிப்பட்டவன்னு கேள்விப்பட்டு, எனக்கு அவன் வேண்டாம்னு லேயாள் அழுது அழுது இமை முடி உதிர்ந்து கண்ணு அப்படி ஆச்சாம். அசிங்கம்னு சொல்ல வர்ற வார்த்தை இல்லையாம் அது, அவளோட ஜெபத்தோட அடையாளமாம்.

இன்னொண்ணும் சொன்னாங்க. அப்பா ஏமாத்துவார்னு தெரிஞ்சு யாக்கோபும் ராகேலும் முன்கூட்டியே ரகசிய அடையாளம் பேசி வெச்சிருந்தாங்களாம். கல்யாண ராத்திரி அக்கா அவமானப்படுவாளேன்னு ராகேல் அந்த அடையாளத்தை லேயாளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டாளாம். இது வேதத்துல இல்லை, யூதர்களோட தல்மூத்ங்கிற மத நூல்ல இருக்கிறது. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஆறாம் நாள். மே 3, வியாழன்

எபிரோன்.

160ஆம் நம்பர் பஸ், குண்டு துளைக்காத கண்ணாடி. ஜெருசலேம்ல இருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். வழி நெடுக திராட்சைத் தோட்டம், இலை இப்பதான் விட்டிருக்கு. இறங்கின இடத்துல செக்போஸ்ட், துப்பாக்கி வெச்சுட்டு நிக்கிற பசங்களுக்கு இருபது வயசு கூட இருக்காது, என்ன மதம்னு கேட்டாங்க, கிறிஸ்டியன்னதும் ரெண்டு பக்கமும் போகலாம்னாங்க.

ரெண்டு பக்கம்னா, மக்பேலா குகை மேல நிக்கிற இந்தக் கட்டடத்தை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. 1994 பிப்ரவரி 25ல ஒரு யூதர் தொழுகை நேரத்துல சுட்டு 29 பேரைக் கொன்னுட்டார், அதுக்கு அப்புறம் ஒரு பாதி மசூதி, ஒரு பாதி ஜெப ஆலயம், நடுவுல பூட்டின கதவு. வருஷத்துல பத்து நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, பத்து நாள் முழுக்க முஸ்லிம்களுக்கு. வெளிச் சுவர் ஏரோது ராஜா காலத்துது, ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள் படுத்தா தாண்டுற நீளம், சாந்தே இல்லாம அடுக்கியிருக்காங்க. சாராள் செத்தப்போ ஆபிரகாம் ஏத்தியனான எப்பெரோன்கிட்ட 400 சேக்கல் வெள்ளி எடை போட்டுக் கொடுத்து வாங்கின நிலம் இது. தேவன் தேசத்தையே தர்றேன்னு சொல்லியிருந்தும் அவன் கையில சொந்தமா இருந்தது பொண்டாட்டியைப் புதைக்கிற இந்த இடம்தான்.

மசூதிப் பக்கம் மொதல்ல போனோம், வாசல்ல தலையோட மூடுற அங்கி கொடுத்தாங்க. யாக்கோபோட அப்பா ஈசாக்கு, அம்மா ரெபெக்காள் அங்கதான். பச்சைத் துணி போத்தின பெரிய பெரிய கல்லறை, சின்ன வீடு மாதிரி. நிஜக் குகை தரைக்குக் கீழ, யாரும் இறங்க முடியாது, மேல இருக்கிறது எல்லாம் அடையாளக் கல்லறைதான். அப்புறம் வெளிய வந்து சுத்தி அடுத்த பக்கம். ஆபிரகாம், சாராள் தாண்டினதும் மேல துணிக் கூரை போட்ட முற்றம், பெஞ்சு போட்டு ஆளுங்க ஜெபிச்சுட்டு இருக்காங்க. ஒரு பக்கம் யாக்கோபு, எதிர்ல கம்பிக் கதவுக்குப் பின்னாடி லேயாள்.

ராகேல் கல்லறையில இருந்த கூட்டம் இங்க இல்லை. ரெண்டு பொம்பளைங்க, ஒரு கைக்குழந்தை. குழந்தை கம்பியைப் பிடிச்சு ஆட்டிட்டு இருந்துச்சு. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி போட்டுட்டுப் பார்த்தேன், அப்புறம் கைப்பையில இருந்த வேதாகமத்தை எடுத்து ஆதியாகமம் 49 திறந்தேன். லேயாள் எப்படிச் செத்தா, எப்ப செத்தான்னு எங்கயும் எழுதல. ராகேல் சாவுக்கு ஒரு பாகமே இருக்கு, ரெபெக்காளோட தாதி தெபொராள் செத்துப் புதைச்சது கூட இருக்கு. லேயாளுக்கு ஒண்ணும் இல்லை. யாக்கோபு எகிப்துல 147 வயசுல சாகப் போறப்போ பசங்களை நிக்க வெச்சு, என்னை மக்பேலாவுல புதைங்கன்னு சொல்லிட்டு யார் யார் அங்க இருக்காங்கன்னு சொல்றப்போதான் நமக்கே தெரியுது. ஆபிரகாமையும் அவர் மனைவி சாராளையும் அங்க அடக்கம்பண்ணினார்கள், ஈசாக்கையும் அவர் மனைவி ரெபெக்காளையும் அங்க அடக்கம்பண்ணினார்கள், அங்கே லேயாளையும் அடக்கம்பண்ணினேன்.

அடக்கம்பண்ணினார்கள், அடக்கம்பண்ணினார்கள், அடக்கம்பண்ணினேன். நம்ம தமிழ்ல அந்த கடைசி எழுத்துல எவ்வளவு இருக்கு பாருங்க. மத்த ரெண்டு பேருக்கும் அவர் மனைவி, அவர் மனைவின்னு வருது, லேயாளுக்கு மட்டும் அந்த வார்த்தை வரல, சாகுற நேரத்துல கூட என் மனைவின்னு சொல்லல. ஆனா தன் கையால குழி மூடினதைச் சொல்றான், பக்கத்துல படுக்கணும்னு கேக்குறான். வழியில விட்டுட்டு வந்த ராகேல்கிட்ட கொண்டு போங்கன்னு அவன் கேக்கல. அது அன்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல, அப்பா தாத்தா இருக்கிற இடம்னு கேட்டிருக்கலாம். அங்க நின்னுட்டு எனக்கு ஒரு சந்தோஷமும் ஒரு ஆத்திரமும் சேர்ந்தே வந்துச்சு.

இதோட இன்னொரு இடத்தையும் சேர்த்துப் படிக்கணும். பஞ்ச காலத்துல எகிப்துல அதிகாரியா இருக்கிற யோசேப்பு, தான் யாருன்னு அண்ணன்மாருக்குக் காட்டிக்காம, தம்பி பென்யமீனைப் பிடிச்சு வெச்சுக்கிறான். அப்போ முன்னாடி வந்து கெஞ்சுறது யூதா, லேயாளோட நாலாவது பிள்ளை. அப்பா சொன்னதை அப்படியே சொல்றான், என் மனைவி எனக்கு ரெண்டு பிள்ளைகளைப் பெற்றாள்னு. யோசிச்சுப் பாருங்க, லேயாள் பெத்த பையன் வாயால, அப்பாவுக்கு மனைவின்னா ராகேல்தான், பிள்ளைன்னா அந்த ரெண்டு பேர்தான்னு ஒரு அந்நியன் முன்னாடி சொல்றான். சொல்லிட்டு, அந்தப் பையனுக்குப் பதிலா என்னை அடிமையா வெச்சுக்கோங்க, அப்பா தாங்க மாட்டார்ங்கிறான். முன்னாடி யோசேப்பை விக்கலாம்னு யோசனை சொன்னவனும் இதே யூதாதான். நடுவுல அவன் எப்படி மாறினான்னு வேதம் நேரா சொல்லல. ஆனா ஒதுக்கப்பட்ட வீட்டுல வளர்ந்த பையன், ஒதுக்கினவர் மேல வஞ்சம் இல்லாம, ராகேல் பிள்ளைக்காகத் தன்னைக் கொடுக்கிறான்னா, அவனை வளர்த்தவளை நினைக்காம என்னால அந்த அதிகாரத்தைத் தாண்ட முடியல. தாவீது ராஜா வந்தது அவன் வம்சத்துல. மோசேயும் ஆரோனும் வந்தது லேவி வம்சத்துல. மூணு பேரும் லேயாள் வழி.

நல்லது மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது. தீனாளும் லேயாளோட மகதான், அவளைச் சீகேம்ல கெடுத்தப்போ யாக்கோபு வாயைத் திறக்கல, கூடப் பிறந்த சிமியோனும் லேவியும் ஊரையே வெட்டிப் போட்டாங்க. அந்த அதிகாரம் "லேயாள் பெற்ற தீனாள்"னுதான் ஆரம்பிக்குது, அப்புறம் அம்மாவைப் பத்தி ஒரு வரி கிடையாது. அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்த ராத்திரி யார் மடியில படுத்தாளோ.

கம்பிக்கு முன்னாடி நின்னு ஏழு பேரையும் மெதுவா வாய்விட்டுச் சொன்னேன். ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன், தீனாள். தங்கச்சி பின்னாடியே சொன்னா.

ஏழாம் நாள். மே 4, வெள்ளி

சாயங்காலம் சூரியன் இறங்கினதும் ஊர் அப்படியே அடங்கிப் போச்சு, பஸ் இல்லை, கடை இல்லை. கெஸ்ட் ஹவுஸ் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. விளக்கேத்தி முடிச்சதும் அவங்க மகன் தன் ரெண்டு பொண்ணுங்க தலை மேலயும் கை வெச்சு ஆசீர்வாதம் சொன்னார். சாரா, ரிவ்கா, ராஹேல், லேயா மாதிரி தேவன் உன்னை ஆக்குவாராகன்னு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லா வீட்டுலயும் இதைச் சொல்வாங்களாம். சின்னதுக்கு ஆறு வயசு இருக்கும், கண்ணாடி போட்டிருக்கு, அப்பா கை எடுக்குற வரைக்கும் கண்ணை மூடிட்டு நின்னுச்சு.

எட்டாம் நாள். மே 5, சனி

ராத்திரி ஃப்ளைட். பகல் முழுக்க ரூம்லதான், துணி எல்லாம் இன்னும் அந்த நெருப்புப் புகை வாசம். அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல போன் பண்ணினோம்.

"ராகேல் கல்லறை பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தோம்மா. லேயாள் கல்லறையும் பார்த்தோம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"லேயாளுக்குக் கல்லறை இருக்கா என்ன? எங்கட்டி எழுதியிருக்கு?"

அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு, தினமும் வேதம் வாசிக்கிறவங்க. நான் 49ஆம் அதிகாரம்னேன். இரு, கண்ணாடியை எடுத்துட்டு வாரேன்னாங்க. பக்கம் புரட்டுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அவங்க வழக்கமா வாசிக்கிற மாதிரி ராகம் போட்டு மெதுவா வாசிச்சாங்க, நானும் தங்கச்சியும் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு கட்டில்ல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தோம். "அடக்கம்பண்ணினேன்"ல நிறுத்தினாங்க. நிறுத்திட்டு, அந்த ஒரு வரியை மறுபடி வாசிச்சாங்க.